சனிக்கிழமை கடற்கரை நடை: பெற்றோரும் வரவேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை வரும் சனிக்கிழமை காலை அந்தமானில் நம் போர்ட் பிளேர் (ஸ்ரீ விஜயபுரம்) அபர்டீன் பஜாரிலிருந்து செல்லுலார் சிறை வரை நடத்திக் கூட்டிப்போகிறோம். பேருந்து கிடையாது, நடைதான். வீட்டுக்கு ஒருவராவது கூட வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாத்தா பாட்டி வந்தால் இன்னும் நல்லது.

நம் ஊரைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். நம் பிள்ளைகளோ மெரினா பார்க்கில் பானிபூரி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். எதிரே தண்ணீருக்கு நடுவில் தெரியும் தீவு எது என்று வகுப்பில் கேட்டேன், பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே வளரும் பிள்ளைக்கு இந்தக் கரையின் கதை தெரியாமல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மணிக்கூண்டில் கூடி, கீழே இறங்கி, நீர் விளையாட்டு வளாகத்துக்குப் பக்கத்தில் உள்ள அபர்டீன் போர் நினைவுச் சின்னத்தில் முதலில் நிற்போம். 1859 மே மாதம் இந்தத் தீவின் பூர்வகுடிகளான கிரேட் அந்தமானியர்கள் வில் அம்போடு வந்து ஆங்கிலேயரின் குடியிருப்பைத் தாக்கினார்கள். அவர்களோடு காட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே செய்தி சொல்லிவிட்டதால், துப்பாக்கிகள் தயாராக இருந்தன. நாமெல்லாம் கப்பலேறி வந்தவர்கள். இந்த மண்ணுக்காக முதலில் செத்தவர்கள் அவர்கள் என்பது பிள்ளைகள் மனதில் பதிய வேண்டும்.

சுனாமி பற்றி நான் பேசப்போவதில்லை, நீங்கள்தான் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இந்தப் பிள்ளைகள் யாரும் பிறக்கவில்லை. சிப்பிகாட் பக்கம் வயலாக இருந்த நிலம் தாழ்ந்துபோய்க் கடல்நீர் புகுந்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்தவர்கள். அன்று எங்கே இருந்தீர்கள், எந்த மேட்டுக்கு ஓடினீர்கள் என்று கடலைக் காட்டியே சொல்லுங்கள். தரை பலமாக ஆடினால் உடனே மேட்டுக்கு ஏறு என்பதை உங்கள் வாயால் கேட்டால் மறக்க மாட்டார்கள்.

மெரினாவில் கொஞ்ச நேரம் உட்காருவோம். எதிரே தெரிவது ராஸ் தீவு, 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு. ஆங்கிலேயர் தலைமையிடமாக வைத்திருந்த இடம், இன்று அந்தச் சுவர்களை மரவேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த முறை படகில் ஏற்றவில்லை, இத்தனை பிள்ளைகளோடு அது வேண்டாம் என்பது என் முடிவு. விடுமுறையில் நீங்களே கூட்டிப்போங்கள். வீட்டில் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு இருந்தால் கொடுத்தனுப்புங்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பது நம் நார்த் பே கலங்கரை விளக்கம். நேரில் பார்த்து ஒப்பிடட்டும்.

அப்புறம் மேடேறி செல்லுலார் சிறை. அதிக நேரம் அங்கேதான். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கட்டடங்கள் பிரிந்து போகும். ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்ததன் முதுகைப் பார்த்தபடி இருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று யோசித்துக் கட்டியது. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அறைக்குள் தனியாக நின்று, எட்டாத உயரத்தில் இருக்கும் சின்ன ஜன்னலைப் பார்க்க வேண்டும். 1933 உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவரின் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அங்கே அடைபட்டிருந்தவர்களின் பெயர்ப்பலகையில் வங்காளப் பெயர்களும் பஞ்சாப் பெயர்களும்தான் அதிகம். நமக்கு அந்நியர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஏழில் மூன்று கட்டடங்கள்தான் மிச்சம். இடித்த பகுதியில் எழுந்ததுதான் ஜி.பி. பந்த் மருத்துவமனை. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பிறந்தது அங்கே. இதை அவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சரி, ஏற்பாடுகள். இங்கே வெயில் சீக்கிரம் ஏறிவிடும் என்பதால் காலை ஆறரைக்கு மணிக்கூண்டில் இருக்க வேண்டும். தண்ணீர், தொப்பி, நோட்டுப் புத்தகம், பென்சில் போதும். பிள்ளைகளிடம் செல்போன் வேண்டாம். கடற்கரையில் பவளத் துண்டோ சங்கோ பொறுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். தண்ணீரில் யாரும் இறங்கப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

இணைத்துள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, கூட வருபவரின் பெயரையும் எழுதி, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால் அதிலேயே குறிப்பிடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் நேராகச் சிறை வாசலுக்கு வந்தால் போதும், உட்கார இடம் பார்த்து வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்