ஆத்தாவுக்கு அப்பச்சி எழுதுவது

என் மகள் ஆத்தாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போன் போட்டால் எடிட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய, ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற படத்துண்டை மூன்று தரம் பார்த்தேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து அந்த அம்மாள் கரண்டியால் சாயம் ஊற்றுவதும், அச்சைத் தூக்கினால் சிவப்பும் பச்சையும் கலக்காமல் நிற்பதும்! காமிராவை அந்தக் கையைவிட்டு நகர்த்தவே இல்லை நீ. கும்பகோணத்தில் ஓவியம் படித்தபோது இதே கையைக் கரிக்கோலால் வரைந்து கொண்டுவந்தாய். விரல் தடிமனாக இருக்கிறது என்று குறை சொன்னேன். இப்போது பார்த்தால் விரல் தடிமன்தான்.

வர்ணத்தை விட்டுக் காமிராவை எடுத்தபோது, ஓவியமென்றால் சுவரிலாவது மாட்டலாம், இதை யார் வாங்குவான் என்று கேட்டேன். அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இப்போது ஊரில் யார் விசாரித்தாலும் ஏ.கே. செட்டியார் கதையைத்தான் எடுக்கிறேன். நம்ம சீமைக்காரர், காந்தி படத்துக்காக 1,00,000 மைல் அலைந்து, 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940-இல் வெளியிட்டார். என் மகளும் அந்த வழிதான் என்கிறேன். ஆனாலும் கையில் கொஞ்சம் பணம் சேர்த்து வை. வேளைக்குச் சாப்பிடு.

அப்புறம், நம் வீட்டில் எடுத்ததையெல்லாம் படத்தில் சேர்க்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன். அன்றைக்கு நான் சட்டைகூட மாற்றவில்லை. இரண்டாங்கட்டு, அடுப்படி, பழைய மரப்பெட்டி, அது போதாதா?

திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. போன வருஷமும் நீ வரவில்லை. பங்காளிகள் எல்லோரும் வருகிறார்கள். அவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம்.

வளவில், முற்றத்தைச் சுற்றி, வடக்குப் பக்கம் இரண்டு தூண் மட்டும் ஏன் சிமெண்டு என்று கேட்டாயே. கரையான் என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் பக்கத்துத் தூணை விரலால் தட்டிப் பார்த்தாய். பர்மாத் தேக்கில் ஏது கரையான்? அதற்குப் பிறகு நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை.

விற்றேன், ஆத்தா. வட்டிக்கு ஆசைப்பட்டு ஓர் இடத்தில் போட்ட பணம் போய்விட்டது. உனக்கு மஞ்சள்காமாலை கண்டு அம்மா கும்பகோணத்தில் வந்து இருந்தாளே, அந்த மாதம். பங்காளிகளிடம் கேட்கவில்லை. அய்யாவின் அய்யா ரங்கூனில் வியாபாரம் பார்த்து அனுப்பிய மரம். காரைக்குடியில் பழைய சாமான் வாங்கி விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வண்டி வந்தது. தூணை இறக்கும்போது மேலே நாலைந்து ஓடு உடைந்தது. பார்க்க முடியாமல் முகப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவிடமும் கரையான் என்றுதான் சொன்னேன்.

அந்த இடத்தை வெட்டிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வெட்ட வேண்டாம். நோன்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே வா, அம்மாவிடம் அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். காமிராவை அதே இடத்தில் வைத்து மறுபடியும் கேள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிறேன்.

கைமுறுக்கு கொடுத்தனுப்பிய தூக்குவாளியை மறக்காமல் கொண்டுவா. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அப்பச்சி