புரிகிறதா என்று எங்களைக் கேட்காதீர்கள்: துறைசார் நிரல்மொழி வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் ஸ்லைடுகளில் 'வணிக நிபுணர்' என்று ஒருவர் வருவாரே, அந்த ஆள் நான்தான். மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் விதிகளை எழுதுவதும், யாராவது தகராறுக்கு வந்தால் அவற்றுக்கு விளக்கம் சொல்வதும் என் வேலை. கோட் எழுதத் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு டிஎஸ்எல் (ஒரு துறையின் விதிகளை எழுதவென்றே செய்த நிரல்மொழி) செய்திருக்கிறோம் என்று ரிவ்யூவுக்குக் கூப்பிடுவீர்கள். ஒரு பக்க விதியைத் திரையில் காட்டி "புரிகிறதா?" என்பீர்கள். நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை நம்பி மொழி லைவுக்குப் போய்விடும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

புரிகிற மாதிரி எழுதுவது சுலபம். 'பாலிசி தொடங்கி 30 நாளுக்குள் வரும் க்ளெய்மை நிராகரி' என்றால் யாருக்குத்தான் புரியாது? சரி, முப்பதாவது நாள் மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு என்ன பதில்? பாலிசி தொடங்கிய நாளும் கணக்கில் சேருமா? க்ளெய்ம் வந்த நாள் என்பது அவர் படுக்கையில் சேர்ந்த நாளா, எங்களுக்குக் காகிதம் வந்த நாளா? என் மேசைக்கு வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடுக்குகளில்தான் பிறக்கின்றன. வாசகம் பேச்சுபோல வழவழவென்று இருந்தால் கண் இங்கெல்லாம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். 'உள்ளே', 'முதல்', 'வரை' என்று எழுதும்போதெல்லாம் எல்லை நாள் சேருமா சேராதா என்று சொல்லியே ஆகவேண்டும் என உங்கள் மொழி அடம்பிடிக்கட்டும். படிக்கக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

சாதாரண மொழிபோல எழுதினால் எல்லோரும் படிப்பார்கள் என்பது பழைய ஆசை. 1959இல் வணிக வேலைகளுக்கான கோபோல் நிரல்மொழிக்கான வேலை தொடங்கியபோதே, ஆங்கில வினைச்சொற்களில் எழுதினால் நிர்வாகிகளும் படிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பெருக்கல் குறி போட வேண்டிய இடத்தில் 'மல்டிப்ளை' என்று முழுச் சொல்லை எழுத வழி செய்தார்கள். கடைசியில் அதோடு காலம் தள்ளியவர்கள் புரோகிராமர்கள்தான். 1979இல் வந்த விசிகால்க் விரிதாளோ குறிகளும் அடைப்புக்குறிகளுமாக இருந்தது. கணக்குப் பார்ப்பவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள், ஏனென்றால் ஓர் எண்ணை மாற்றிய கையோடு மற்ற எண்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எங்கள் ஆட்கள் 'இஃப்'-க்குள் 'இஃப்' போட்டுக் கட்டி வைத்திருக்கும் ஷீட்டுகளைப் பார்த்தால் நீங்களே மிரண்டுபோவீர்கள். குறிகளைக் கண்டு நாங்கள் ஓடுவதில்லை.

எங்களைக் கவிழ்ப்பது, எழுதாமல் விட்ட ஏற்பாடுகள். வணிக முடிவுகளை எழுதுவதற்கான டிஎம்என் தரத்தின் முடிவு அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள்; அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு விதி. அட்டவணை என்றால் எங்களுக்குப் பிடிக்கும், அது நல்ல தேர்வு. ஆனால் மூலையில் ஒற்றை எழுத்து இருக்கும். 'யூ' என்றால் எந்த இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் பொருந்தக் கூடாது; 'எஃப்' என்றால் மேலிருந்து முதலில் பொருந்தும் வரிசைதான் செல்லும். அட்டவணையின் அர்த்தமே அந்த எழுத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்னதாக எழுத யாருக்கு மனசு வந்ததோ!

அப்புறம் விதிவிலக்குகள். எங்கள் ஆவணங்கள் ஒரு பொது விதியைச் சொல்லும். நாலு பக்கம் தள்ளி 'விபத்துக்கு இது பொருந்தாது' என்னும். இன்னொரு பிரிவில் 'இடைவெளியின்றிப் புதுப்பித்தவருக்கும் பொருந்தாது' என்னும். நீங்கள் இதையெல்லாம் ஒரே நிபந்தனையாகப் பிசைந்து கொடுக்கிறீர்கள். விடை சரியாகவே இருக்கலாம், ஆனால் எந்த வரி எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று என்னால் ஒப்பிட முடியாது. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் சட்டங்களுக்காக உருவான கட்டாலா மொழி இதை ஒழுங்காகக் கையாள்கிறது. சட்ட வாசகம் பத்தி பத்தியாக அப்படியே இருக்கும், அந்தந்தப் பத்தியின் கீழே அதற்கான கோட். விதிவிலக்கை விதிவிலக்கு என்றே எழுதலாம். முன்னுரிமை சொல்லப்படாத இரண்டு விதிவிலக்குகள் ஒன்றாகப் பொருந்தினால், எதையோ ஒன்றைத் தானாகத் தேர்ந்துகொள்ளாமல் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்கும் இடம்தான் நாங்கள் பேச வேண்டிய இடம்.

காலத்தையும் மறந்துவிடுகிறீர்கள். பழைய பாலிசிக்குப் பழைய விதிதான். இன்றைய விதியை மட்டும் காட்டும் மொழியை வைத்துக்கொண்டு நான் ஒரு க்ளெய்மையும் முடிக்க முடியாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இந்த விதி என்பது விதியோடு ஒட்டியே இருக்க வேண்டும், கோடின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் உங்கள் வெர்ஷன் கண்ட்ரோலுக்குள் ஒளிந்திருந்து பயனில்லை.

விதிக்குப் பக்கத்திலேயே உதாரணங்களை ஓட்டிக் காட்டுங்கள். பாலிசி ஜனவரி 1 தொடக்கம், ஜனவரி 30 சேர்க்கை, காரணம் காய்ச்சல், முடிவு நிராகரிப்பு, அதற்குக் காரணம் இந்த வரி. ஜனவரி 31 என்று மாற்றினால் உடனே முடிவும் மாறி வரவேண்டும். அதைப் பார்த்ததும் "ஐயோ, இது தப்பு" என்றோ "சரிதான்" என்றோ என் வாயிலிருந்து தானாக வரும்.

இதை நானே எழுத வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். 'இனி புரோகிராமரே வேண்டாம்' என்று மேலிடத்தில் விற்பதற்கு அந்த வாக்குறுதி உதவலாம். எங்களுக்கு அது வேண்டாம். எழுதுவது உங்கள் கை, பொறுப்பேற்பது என் கையெழுத்து. படிக்கவும் ஓட்டிப் பார்க்கவும் வழி இருந்தால் போதும்.

அடுத்த ரிவ்யூவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விதிகளில் வேண்டுமென்றே சில தவறுகளைப் புதைத்துக் கொண்டுவாருங்கள். நாளில் ஒன்று கூட்டிவிடுங்கள், ஒரு விதிவிலக்கைத் தூக்கிவிடுங்கள், இரண்டு வரிசைகளின் இடத்தை மாற்றிவிடுங்கள். கண்டுபிடிக்கச் சொல்லி எங்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய் உட்காருங்கள். நாங்கள் கோட்டைவிடும் தவறு எதுவோ, மொழியில் அந்த இடத்தைத் திருத்துங்கள். தீர்ப்பாகி முடிந்த பழைய தகராறு க்ளெய்ம்களைப் பெயர் நீக்கி நாங்கள் எடுத்து வருகிறோம், அவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்லைடில் இருக்கும் 'வணிக நிபுணர்'