டைரியில் எழுத முடியாதவை: கல்லூரி முதல்வர்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், பயிற்சி - வேலைவாய்ப்புப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த பேட்ச் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. நாங்கள் தினமும் எழுதும் பயிற்சி டைரியில் கையெழுத்துப் போடுவது யார்? நிறுவனத்தின் மேற்பார்வையாளர். வருகைப் பதிவில் போடுவதும் அவர்தான். மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவதும் அவர்தான். கடைசியில் அவர் சரி என்றால்தான் சான்றிதழ். எங்களைக் கொடுமைப்படுத்துவது அதே ஆளாக இருந்தால் அந்தச் செய்தி எந்த வழியாக உங்களிடம் வந்து சேரும்?

நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரி மூலமாகவே சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை.

முதல் நாளே 'சரிபார்க்க வேண்டும்' என்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயிற்சி முடியும்வரை திருப்பித் தரவில்லை. காலை மீட்டிங்கில் ஊழியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இன்டர்ன்கள் மட்டும் கடைசிவரை நிற்க வேண்டும். முந்தைய நாள் நாங்கள் செய்த பிழைகளை எங்கள் மேற்பார்வையாளரான டீம் லீட் சத்தமாக வாசிப்பார். நான் இங்கிலீஷில் திக்கினால் "உனக்கெல்லாம் எவன் சீட் கொடுத்தான்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதில் எது அதிகம் வலித்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலை என்று பார்த்தால், ஒரு வாடிக்கையாளரின் செயலியைத் திரை திரையாகச் சோதித்து எக்செல்லில் ஏற்றுவது. கற்றுத்தர யாரும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு முன்னால் கிளம்பினால் மறுநாள் மீட்டிங்கில் அதற்கும் ஒரு பேச்சு உண்டு. தங்கியிருந்த பிஜி விடுதிக்கு மாதம் 7,000 ரூபாய் அப்பா அனுப்பினார். தருவதாகச் சொன்ன ஸ்டைபண்ட் பற்றிக் கேட்டபோது, "உங்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கிற செலவுக்கு அது சரியாப் போச்சு" என்றார்கள். காய்ச்சலுக்கு எடுத்த விடுப்புக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னார்கள். இதெல்லாம் நடந்த நாட்களில் என் டைரியில் இருப்பது 'டெஸ்ட் கேஸ் தயாரித்தல் கற்றுக்கொண்டேன்' என்ற வரி. அதன் கீழே அந்த டீம் லீடின் கையெழுத்து. வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலைத் தேடிப் படித்தேன். மதிப்பீடு மூன்று கட்டம்: நிறுவனம் தருவது, ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்துத் தருவது, கல்லூரியில் நடக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. வேலைவாய்ப்பு அலுவலரோ ஆசிரியரோ திடீரென்று நேரில் வந்து பார்க்கலாம் என்றும் இருக்கிறது. எதற்கு? மாணவர் அங்கே இருக்கிறாரா என்று பார்க்க. சொல்லாமல் வராமல் இருந்தால் பயிற்சியே ரத்து. மாணவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்க அல்ல. எங்களைக் கண்காணிக்க இவ்வளவு யோசித்தவர்கள் எங்களைப் பாதுகாக்க அதில் கால்வாசியாவது யோசித்திருக்கலாம். எனக்கு அந்தத் திடீர் வருகைகூட வாய்க்கவில்லை. என் வழிகாட்டி ஆசிரியர் மேற்பார்வையாளருக்கு ஒரு முறை போன் செய்தார், "நல்லா பண்றாங்க சார்" என்ற பதிலைக் குறித்துக்கொண்டார்.

தாங்க முடியாமல் கல்லூரிக்கு நானே போன் செய்தேன். கிடைத்த பதில்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. அவங்க வருஷா வருஷம் நம்ம பசங்கள எடுக்குறாங்க. நீ பிரச்சினை பண்ணா ஜூனியர்ஸுக்குத்தான் சான்ஸ் போயிடும்."

இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வகுப்பும் உண்டு, வேலைவாய்ப்புப் பொறுப்பும் உண்டு. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற எண்தான் சேர்க்கை விளம்பரத்தில் வருகிறது, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கும் போகிறது. அந்த எண்ணுக்காக அவரை மேலிடம் நெருக்குகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், ஐயா, அம்மா, ஜூனியர்கள் பெயரைச் சொல்லி என் வாயை அடைத்து, பிறகு அதே ஜூனியர்களை அதே டீம் லீடிடம் அனுப்பினால் அதற்கு என்ன பெயர்?

பாதியில் கிளம்பி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னோடு இருந்த வேறொரு கல்லூரி மாணவர் அப்படித்தான் கிளம்பினார். அதுவரை அவர் செய்த வேலை ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் வரவில்லை. அரியர் விழுந்தது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

சட்டத்திலும் எங்களுக்கு இடம் குறைவு. ஐ.டி.ஐ. முடித்தவர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் உண்டு, குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு, தகராறு என்றால் அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரிடம் போகலாம். கல்லூரி ஒரு கடிதம் கொடுத்து அனுப்பும் இன்டர்ன் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பாலியல் துன்புறுத்தலில் மட்டும் நிலைமை தெளிவு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காமல் பயிற்சி பெறும் பெண்ணையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அது இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இதை எங்கள் வகுப்பில் ஒரு மாணவியிடமாவது யாராவது சொல்லி அனுப்பினார்களா? இல்லை. ரெஸ்யூமே எப்படி எழுதுவது, எந்த நிறச் சட்டை போடுவது என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்கள்.

நான் கேட்பதில் முக்கியமானது ஒன்றுதான்: பட்டம் பெறத் தேவையான கிரெடிட் புள்ளிகளை நிறுவனத்தின் பிடியிலிருந்து எடுத்துவிடுங்கள். 2018-ல் வந்த ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்புக்கு 14 முதல் 20 கிரெடிட் ஒதுக்குகிறது. ஒரு கிரெடிட் என்பது 40 முதல் 45 மணி நேர வேலை. அதாவது கணக்கு ஏற்கெனவே மணி நேரத்தில்தான் இருக்கிறது. தக்க காரணத்தோடு ஒரு மாணவர் பாதியில் வெளியேறினால், அதுவரை செய்த மணி நேரத்தை எண்ணுங்கள், மிச்சத்தை வேறு நிறுவனத்திலோ உங்கள் ஆய்வகத்தில் ஒரு புராஜெக்டாகவோ முடிக்க விடுங்கள். காரணம் தக்கதுதானா என்பதை நிறுவனத்தைச் சேராத இரண்டு ஆசிரியர்கள் விசாரித்து முடிவு செய்யட்டும். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தாலே அந்த மேற்பார்வையாளரின் குரல் கொஞ்சம் தணியும். இவளால் எங்கேயும் போக முடியாது என்று தெரிந்துதான் அவர் அப்படிப் பேசினார்.

அப்புறம், வாரம் ஒரு முறை மாணவர் நேராக வழிகாட்டி ஆசிரியருக்கு மட்டும் எழுத ஒரு வழி வேண்டும், நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமல். ஆசிரியர் நேரில் வந்தால் எங்களை வெளியே அழைத்துப் போய்த் தனியாகப் பேசட்டும், டீக்கடை போதும். வேலை நேரம், ஸ்டைபண்ட், ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கக் கூடாது என்பது, இவற்றையெல்லாம் கல்லூரியே எழுதி நிறுவனத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டு மாணவரை அனுப்பட்டும். புகார் வந்த இடம் எது என்று அடுத்த பேட்ச்சுக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம். கிரெடிட் விதியைத் தன்னாட்சிக் கல்லூரி தானே மாற்றலாம், மற்ற கல்லூரிகள் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம்; மீதியை உங்கள் கல்லூரிக் குழுக் கூட்டமே முடிவெடுக்கலாம். இந்த ஆண்டு மாணவர்களுக்கு அனுமதிக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இறுதியாண்டு மாணவி