மாநாட்டு மானியம் கிடைத்தும் போக முடியாமல் போவது ஏன்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முதுதத்துவமாணி (எம்.ஃபில்), கலாநிதிப் பட்டங்களுக்குப் பதிந்திருக்கும் பிள்ளைகளிடம் “ஆய்வு மானியம் கேட்டுப் பார்த்தீர்களா?” என்றால், “அதெல்லாம் கொழும்பு, பேராதனைக்காரருக்குத்தானே” என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. மாணவர்களின் விண்ணப்பங்களை வாசித்துத் திருத்திக் கொடுப்பவர்கள் நாங்கள். பணம் தரும் இடங்கள் இருக்கின்றன, நமது மாணவர்களின் ஆய்வுப் பொருள்களுக்கு மதிப்பும் இருக்கிறது. தவறுவது சில குறிப்பிட்ட இடங்களில்தான். அவற்றில் பலவற்றை மாணவரே திருத்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும், அதாவது பயணத்துக்கு முதலில் போடப் பணம் இல்லாததை, பல்கலைக்கழக நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

முதலில், எந்தப் பணம் எதற்கு என்ற தெளிவு வேண்டும். ஆய்வு செய்வதற்கான பணம் ஒன்று, மாநாட்டுக்குப் போவதற்கான பணம் இன்னொன்று. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து கேட்டால் இரண்டும் போய்விடும். இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளை வளர்முக நாடுகளில் இயற்கைப் பாதுகாப்பு வேலைக்குச் சிறு மானியம் தருகிறது. மட்டக்களப்பு வாவியின் கண்டல் காடுகளையோ அம்பாறையின் யானை மனிதர் மோதலையோ ஆய்பவருக்கு இது மிகப் பொருத்தம். முடிவுத் திகதி என்று ஒன்றில்லை, ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். உங்களைப் பற்றிச் சான்று தரும் உசாத்துணையாளர் மூவர் வேண்டும். ஆனால் பாடநெறிக் கட்டணத்துக்கும் மாநாட்டுக்குப் போவதற்கும் அதில் பணம் கிடையாது. பாதுகாப்புப் பயன் எதுவுமில்லாத வெறும் கல்விசார் ஆய்வையும் அவர்கள் ஏற்பதில்லை.

உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் தரும் ஆய்வுத்திட்ட மானியங்களை மாணவர் தம் பெயரில் கேட்பதில்லை. மேற்பார்வையாளரே பிரதான ஆய்வாளர். அந்தத் திட்டத்துக்குள் ஆய்வு மாணவருக்கான கொடுப்பனவையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஆகவே மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யும்போதே “இந்த ஆண்டு விண்ணப்பம் போடுகிறீர்களா சேர்?” என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மானிட, சமூக விஞ்ஞானத் துறைகளுக்கு உயர்கற்கைகளுக்கான தேசிய நிலையம் (என்சிஏஎஸ்) இருக்கிறது, ஆனால் அதன் பட்டப்பின்படிப்புப் புலமைப்பரிசில் அரச பல்கலைக்கழக விரிவுரையாளருக்கானது. பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டு ஆய்வு செய்பவர் அந்தப் படிவத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

சமூகவியல், மானிடவியல் மாணவர் கவனிக்க வேண்டியது அமெரிக்காவின் வென்னர்-கிரென் மன்றம். கலாநிதிப் பட்டத்துக்கான களஆய்வுக்கு 25,000 அமெரிக்க டொலர் வரை தருகிறது. விண்ணப்பிக்க எந்த நாட்டவர் என்பது தடையில்லை. முடிவுத் திகதிகள் மே 1, நவம்பர் 1. நமது தாய்வழிக் குடிமுறை, கண்ணகி சடங்கு, கரையோரத் தமிழ் முஸ்லிம் ஊர்களின் உறவு ஆகியவை அந்தத் துறையில் உலகறிந்த பொருள்கள். முதுதத்துவமாணிக்குப் பதிந்தவர் கலாநிதிக்கு மாறிய பிறகே இதற்குத் தகுதி பெறுவார். மே 1 என்ற திகதியில் நமக்கு ஒரு சிக்கலும் உண்டு. அன்று தொழிலாளர் தினம், அலுவலகம் பூட்டு. அதற்கு முன் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. பதிவாளரின் கையொப்பம் தேவையென்றால் மார்ச் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் இலங்கைப் போர்த்துக்கேயத்தை ஆவணப்படுத்தும் பெரிய வேலைக்கு, அழிவுநிலை மொழிகளை ஆவணப்படுத்தும் ஈஎல்டிபி என்ற நிகழ்ச்சித்திட்டம் பணம் கொடுத்தது. அதை எடுத்துச் செய்தது லிஸ்பன் பல்கலைக்கழகம். நல்ல வேலை, நன்றிக்குரியது. ஆனால் இந்த நகரத்துத் தெருக்களில் பேசப்படும் மொழிக்குரிய மானியத்தை இங்குள்ள ஒரு மாணவரும் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் எங்களை விடுவதில்லை.

இனிப் பயண மானியம். மாநாட்டு இணையத்தளத்தில் கட்டுரைச் சுருக்கத்துக்கான முடிவுத் திகதியை மட்டும் பார்த்துவிட்டு இருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. உதவிக்கு விண்ணப்பிக்கும் திகதி பல வேளைகளில் அதைவிட முந்தியது. ஐரோப்பியப் புவி விஞ்ஞான ஒன்றியத்தின் மாநாடு ஆண்டுதோறும் வசந்த காலத்தில் வியன்னாவில் நடக்கிறது. வெள்ளம், கடலரிப்பு, சுனாமிப் படிவுகளை ஆய்பவருக்கு ஏற்ற இடம். சுருக்கத்துக்கான பொது முடிவுத் திகதி வழமையாக ஜனவரி நடுப்பகுதி. பயண உதவி கேட்பவருக்கோ டிசம்பர் 1-ஐ ஒட்டியே கதவு மூடிவிடும். நவம்பர் கடைசி என்றால் நமக்கு மாரி மழை உச்சம், மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று தெரியாத காலம். ஆகவே ஒக்டோபரில் முடித்து, நவம்பர் முதல் வாரத்தில் அனுப்பிவிடுவதுதான் பாதுகாப்பு.

கணினித் துறை மாணவிகளுக்கு, கணினித் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஏசிஎம் அமைப்பின் பெண்கள் பிரிவு ஆய்வு மாநாட்டு உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு ஆறு சுற்று. அதே கண்டத்துக்குள் என்றால் 600 டொலர் வரை, கண்டம் கடந்தால் 1,200 டொலர் வரை. கட்டுரை வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பௌதிகம், கணிதம் படிப்பவருக்கு இத்தாலியின் திரியஸ்தேயில் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிகத்துக்கான சர்வதேச நிலையம் (ஐசிடிபி) இருக்கிறது. பயிலரங்குகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, வளர்முக நாட்டவருக்குப் பயணச் செலவிலும் தங்குமிடத்திலும் உதவி கேட்கலாம். கேட்கும் இடம் விண்ணப்பப் படிவத்துக்குள்ளேயே ஒரு சிறு கட்டம். அதில் அடையாளமிட மறந்தால் பிறகு மின்னஞ்சல் எழுதியும் பலன் குறைவு.

மாநாட்டுக் கட்டணக் குறைப்பைப் பலரும் கவனிப்பதில்லை. பல கல்விச் சங்கங்கள் உலக வங்கியின் வருமானப் பட்டியலைப் பார்த்தே கட்டணம் வைக்கின்றன. இலங்கை 2019 ஜூலையில் மேல்நடுத்தர வருமானத்துக்கு ஏற்றப்பட்டு, 2020 ஜூலையில் கீழ்நடுத்தர வருமானத்துக்கு இறக்கப்பட்டது. பட்டியல் ஒவ்வொரு ஜூலையிலும் புதுப்பிக்கப்படும். சில சங்கங்கள் பழைய பட்டியலையே வைத்திருக்கும். அப்படிக் கண்டால், புதிய பட்டியலைச் சுட்டிக்காட்டி இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள்.

பாதீட்டில்தான் நல்ல ஆய்வுகளும் விழுகின்றன. “களப்பயணம், ரூபா 200,000” என்று ஒரே வரியில் எழுதினால் மதிப்பீட்டாளர் முதலில் வெட்டுவது அதைத்தான். ஒருமுறை போய்வர 90 கிலோமீற்றர், 12 முறை, மொத்தம் 1,080 கிலோமீற்றர், பல்கலைக்கழகம் அங்கீகரித்த கிலோமீற்றர் வீதம் இவ்வளவு என்று எழுதினால் வெட்ட இடமில்லை. நீர் மாதிரி எடுப்பவர் 8 இடம், இடத்துக்கு 3 மாதிரி, 12 மாதம் என்று பெருக்கி 288 என்று நிறுத்திவிடுகிறார். போத்தல் உடையும், மாதிரி பழுதாகும். பத்து வீதம் கூட்டி 317 என்று போடுங்கள், ஏன் கூட்டினீர்கள் என்று ஒரு வரியும் எழுதுங்கள். நேர்காணல் செய்பவர் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் நேரத்தை மறந்துவிடுகிறார். ஒரு மணிநேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுத ஐந்தாறு மணிநேரம் செல்லும். பேச்சு வழக்குச் சொற்களைப் பிசகாமல் எழுதவும், பிறகு ஆங்கிலத்தில் தரவும் இன்னும் கூடும். ஒரு மணிநேர நேர்காணல் 40 என்றால் எழுதுவதற்கு மட்டும் 240 மணிநேரம் வரை. இதற்குப் பணம் கேட்காதவர் கடைசி ஆறு மாதமும் தாமே இருந்து எழுதுகிறார், ஆய்வு இழுபடுகிறது. டொலரிலோ யூரோவிலோ கேட்கும்போது, எந்தத் திகதிய மத்திய வங்கி மாற்று வீதம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

மனிதரிடம் தகவல் எடுக்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தகவல் எடுக்கத் தொடங்குமுன் பெறவேண்டும். எடுத்து முடித்த பிறகு அனுமதி தரமாட்டார்கள். சரணாலயத்துக்குள் வேலை என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். உசாத்துணைக் கடிதம் தருபவருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியையே படிவத்தில் எழுதுங்கள், தனிப்பட்ட முகவரியைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பெயர் விடயம் சின்னதாகத் தெரியும், ஆனால் இதனால் மானியப் பணம் கைக்கு வராமல் நின்ற சந்தர்ப்பங்கள் உண்டு. கட்டுரையில் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்துக்கூட்டல். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று வெளிநாட்டுப் படிவம் கேட்கும் இடத்தில் நம்மவர் ஒவ்வொரு தடவையும் வேறுவிதமாக நிரப்புகிறார். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதுவே எல்லா இடத்திலும் இருக்கட்டும். ஏற்கெனவே வேறு வேறாகப் பதிவாகியிருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு: ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பியச் செங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முந்தியே விண்ணப்பிக்கலாம், பிந்தியது என்றால் 15 நாள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். கொழும்பில் தூதரகம் இல்லாத நாடுகளும் உண்டு, யார் விண்ணப்பத்தை ஏற்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். தமிழ்நாட்டுக்குப் போவோர் சுற்றுலா விசாவில் போய்க் கட்டுரை வாசிப்பது வழக்கமாகிவிட்டது. இது சரியில்லை. இந்தியா மாநாட்டுக்கென்று தனி விசா வைத்திருக்கிறது. அதற்கு அழைப்புக் கடிதத்தோடு, அங்குள்ள ஏற்பாட்டாளர் இந்திய வெளிவிவகார அமைச்சிடம் பெற்ற அனுமதியின் பிரதியும் வேண்டும். அழைப்புக் கடிதம் கேட்கும் மின்னஞ்சலிலேயே இதையும் கேட்டுவிடுங்கள். ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருப்பவர் வெளிநாட்டு விடுமுறைக்குப் பொது 126 படிவத்தையும் பாடசாலை, வலயம், மாகாணம் என்று கடந்து அனுப்ப வேண்டும். விசா வந்த பிறகு அதைத் தொடங்கினால் மாநாடு முடிந்துவிடும்.

போலி மாநாடுகளுக்குக் காசு கட்டி ஏமாறுவோரும் பெருகியிருக்கிறார்கள். ஒரே விடுதியில், ஒரே நாளில், மருத்துவம் முதல் மொழியியல் வரை எல்லாத் துறைக்கும் மாநாடு. அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்புக் கடிதம். கட்டணம் கட்டினால் மீளாது. இந்த மூன்றில் இரண்டு தெரிந்தாலே விலகுங்கள். ஏற்பாட்டுக் குழுவில் பெயர் உள்ள ஒரு பேராசிரியருக்கு, அவரது பல்கலைக்கழக முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அதில் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

இவ்வளவையும் சரியாகச் செய்து மானியமும் கிடைத்த பிறகுதான், தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. பெரும்பாலான பயண மானியங்கள் போய்வந்த பிறகே பணத்தைத் தருகின்றன. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் எல்லாம் மாணவர் முதலில் போட வேண்டும். ஐரோப்பியப் பயணம் என்றால் பல இலட்சம் ரூபா. மீன்பிடியிலும் வயலிலும் வாழும் குடும்பம் ஒன்று அந்தத் தொகைக்கு நகையை அடகு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்புக் கடிதத்தை மடித்து வைக்க வேண்டும். மடித்து வைப்பவர்களே அதிகம்.

மாணவர் செய்யக்கூடியது: மானியம் உறுதியான அன்றே, விமானச் சீட்டை நேரடியாக வாங்கித் தர முடியுமா, தங்குமிடத்தை முன்கூட்டிச் செலுத்த முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்பது. கேட்டால் செய்பவர்கள் இருக்கிறார்கள். விமானம் ஏறும் அட்டைகளையும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் ஒன்று விடாமல் கொண்டுவந்து அந்த வாரமே அனுப்புவது.

பல்கலைக்கழகம் செய்யக்கூடியது: ஒரு சுழல்நிதி. கிழக்கிலுள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 25 இலட்சம் ரூபாவை ஒதுக்கி, மானியக் கடிதத்தையும் மேற்பார்வையாளரின் பிணையையும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு 5 இலட்சம் வரை முற்பணம் தரலாம். ஒரே நேரத்தில் ஐந்து பேர் போகலாம். மானியப் பணம் வந்ததும் நிதி நிரம்பும். இது நன்கொடை அல்ல, திரும்பி வரும் பணம். நிதிக்கிளை இதற்கொரு ஒழுங்குவிதி எழுத, பேரவையில் ஒரு தீர்மானம் போதும். பட்டதாரிச் சங்கங்களும் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் தொடக்க முதலைத் தர முன்வந்தால் இன்னும் விரைவாகும்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்பு அறிவித்தல்களுக்கு இடம் ஒதுக்குவதுபோல, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அடுத்த மூன்று மாதத்துக்குள் முடியும் மானியங்களின் திகதிகளைத் தமிழில் கால்பக்கம் போடுங்கள். சரிபார்த்துத் தருவதற்கு நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
பட்டப்பின்படிப்பு ஆய்வு வழிகாட்டிகள் சிலர்,
செங்கலடி, மட்டக்களப்பு.