பபூன் மாறினால் காமெடியும் மாறணும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகைச்சுவைத் தொடரிலிருந்து நாயகன் விலகினால் அதே வேடத்தில் வேறு ஆளைப் போட்டால் போதும், சனங்கள் பழகிவிடுவார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். குடும்பத் தொடருக்கு அது சரி. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்த பிறகு அதே முல்லையாகக் காவ்யா வந்தார். எங்கள் தெருப் பெண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் முல்லையின் கவலை அவர்கள் கவலையாகிவிட்டது. அங்கே கதை இழுத்துக்கொண்டு போகும். சிரிப்பு ஆளோடு வருவது, ஆளோடு போய்விடும்.

தொண்டிப் பக்கம் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகம்தான். இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், சிரிக்க வைக்கும் பபூன் வேறோர் ஊர். ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள். முருகனாக யார் வந்தாலும் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு இருக்கிறது, ஆர்மோனியக்காரர் கைகொடுப்பார், ஒப்பேற்றிவிடலாம். பபூன் சொந்தச் சரக்கில்தான் நிற்க வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்ததுமே ‘இந்த வருசம் பபூன் யாரு?’ என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். போன வருடத்து ஆள் சொன்ன ஜோக்கை இவர் எடுத்தால், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பொடியன்கள் முடிவை முந்திச் சொல்லி மானத்தை வாங்கிவிடுவார்கள்.

அமெரிக்கக்காரர்களுக்கு இது புரிந்திருக்கிறது. 1982இல் தொடங்கிய ‘சியர்ஸ்’ தொடரிலிருந்து 1987இல் நாயகி ஷெல்லி லாங் விலகினார். அவருடைய டயான் வேடத்தை யாருக்கும் மாட்டவில்லை. குணத்தில் ஒட்டே இல்லாத ரெபேக்கா என்ற புதுப் பாத்திரமாகக் கிர்ஸ்டி ஆலி வந்தார், தொடர் 1993 வரை ஓடியது. 2011இல் நாயகன் சார்லி ஷீன் நீக்கப்பட்டபோதும் ‘டூ அண்ட் எ ஹாஃப் மென்’ தொடரில் அவர் பாத்திரத்தைச் சாகடித்து, அந்த வீட்டை வாங்கும் பணக்காரராக ஆஷ்டன் குட்சரை இறக்கினார்கள். பழைய ருசி இல்லை என்பது என் கட்சி. ஆனாலும் 2015 வரை தாக்குப்பிடித்தது.

‘பிவிட்ச்டு’ என்ற அமெரிக்கத் தொடரில் 1969இல் கணவனையே ஆள் மாற்றி, விளக்கமும் சொல்லாமல் 1972 வரை ஓட்டினார்களே என்பீர்கள். அதில் சிரிப்பு மந்திரக்கார மனைவியிடம் இருந்தது ஐயா. மனைவியை மாற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

‘எதிர்நீச்சல்’ தொடரின் வில்லன் குணசேகரனையும் பார்த்தோம். 2023 செப்டம்பரில் அவராக நடித்த மாரிமுத்து மறைந்தார். அந்த வேடத்துக்கு வந்தவர் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழிக்காரரான எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. மீசைக்கும் குரலுக்கும் குறையில்லை, மிரட்டல் அப்படியே நின்றது. வில்லனைப் பார்த்தே நம்மைச் சிரிக்க வைத்த அந்த ‘இந்தாம்மா... ஏய்’ மட்டும் மாரிமுத்துவோடு போய்விட்டது. அதை வேறு யார் சொன்னாலும் மிமிக்ரிதான்.

ஆகவே, நாயகன் விலகினால் அந்தப் பாத்திரத்தை மலேசியாவுக்கோ சவுதிக்கோ அனுப்பிவிடட்டும். எங்கள் கடற்கரையில் அப்படிப் போகாத வீடு குறைவு, யாரும் சந்தேகப்பட மாட்டோம். புதியவரை மச்சானாகவோ வாடகைக்கு வந்தவராகவோ கொண்டுவந்து, அவர் வாய்க்கு ஏற்ற வசனத்தைப் புதிதாக எழுதட்டும். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையடியில் ஒரு வரி ஓட்டிவிட்டு அதே சட்டை, அதே பஞ்ச் என்று தொடர்ந்தால், பாவம், உதை வாங்குவது வந்த பிள்ளைதான்.

இப்படிக்கு,
தொண்டி வாசகர்