செயலாளரின் ஆண்டறிக்கை: முதலை உள்ள மடுவில் மீன்பிடிப்பு

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது, பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள், வரவு செலவுத் தாளும் அவரிடம்தான் இருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், ஒகேனக்கல்லுக்குக் கீழே நாம் எப்போதும் மீன் அறுக்கும் பாறையடியில் தண்ணீர் குடிக்க இறங்கிய நாயை முதலை இழுத்துக்கொண்டு போனது. சத்தமே இல்லை. தண்ணீர் ஒருமுறை சுழித்தது, அவ்வளவுதான். பத்து நிமிடம் முன்பு அதே இடத்தில் நம் உறுப்பினர் ஒருவர் குத்துக்காலிட்டுக் கெண்டை கழுவிக்கொண்டிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த முதலையை அங்கே வரவழைத்தது நாம்தான். வருடக்கணக்காகக் குடலையும் செவுளையும் அந்த ஒரே பாறையடியில் கொட்டி வந்தோம். தீனி தினமும் கிடைக்கிற இடத்துக்கு முதலை திரும்பத் திரும்ப வரும், மனிதரைக் கண்டு ஒதுங்குகிற பயமும் அதற்குப் போய்விடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏரி, குளம் எங்கும் அலிகேட்டர் என்கிற முதலை வகை உண்டு, அதற்குத் தீனி போடுவதே அங்கே குற்றம், மீன் கழிவையும் தண்ணீரில் வீசாமல் குப்பைத்தொட்டியில் போடு என்றுதான் தூண்டில்காரர்களுக்குச் சொல்கிறார்கள். நம் காவிரியில் இருப்பது அலிகேட்டர் இல்லை, சதுப்புநில முதலை. வாயை மூடினாலும் அதன் கீழ்த்தாடைப் பல் வெளியே தெரியும். ஆனால் தீனிக்குப் பழகுவதில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் பங்குனிக் கூட்டத்தில் முடிவு செய்து, மூடி போட்ட நான்கு டிரம் வாங்கினோம். இப்போது மீன் அறுப்பது மேட்டில், கழிவு டிரம்மில் சேர்ந்து குழிக்குப் போகிறது. தண்ணீரைச் சுமந்து ஏற வேண்டியிருக்கிறது என்று சிலருக்கு வருத்தம், அது நியாயமான வருத்தம்தான், ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அப்புறம், பிடித்த மீனைக் கயிற்றில் கோர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறவர்கள் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாறையில் வலை சிக்கினால் இறங்கி எடுக்காதீர்கள், பரிசலில் போய் நீளக் கழியால் எடுங்கள், வரவில்லையென்றால் அறுத்துவிடுங்கள். வலை போனால் என்ன நஷ்டம் என்று எனக்கும் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு கரையோரம் உட்காரவே வேண்டாம், அது முதலை இரை தேடும் நேரம்.

மாசி, பங்குனியில் முதலை மணல்மேட்டில் குழி தோண்டி முட்டையிடும், குஞ்சு பொரிக்கச் சுமார் இரண்டு மாதம், தாய் பக்கத்திலேயே கிடக்கும், அந்த மணலில் கால் வைக்கக் கூடாது. பகலில் வாயைப் பிளந்து படுத்திருப்பது கோபம் இல்லை, உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இதையெல்லாம் காட்டத்தான் பிள்ளைகளை ஒகேனக்கல் முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போனோம்.

வைகாசியில் ஒருவர் வலையில் சிறிய முதலை மாட்டியது. மூச்சுவிட மேலே வர முடியாவிட்டால் அது செத்துவிடும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது, அடித்தால் சிறைதான். அவர் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார், வனத்துறையினர் வந்து வலையை அறுத்து முதலையை விடுவித்தார்கள். அவருக்குச் சங்க நிதியிலிருந்து வலைக்கான பாதிப் பணம் கொடுத்தோம். கிழிந்த வலைக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை, மறுபடியும் கொடுப்போம்.

ஆடிப் பதினெட்டுக்கு வெளியூர்க் கூட்டம் வரும். அந்தப் பாறையடியில் யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்ள நான்கு பேர் தேவை. இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும்.