பம்ப்பு வாய் எத்தனை இஞ்சு என்று கேட்டவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

சிங்கப்பூரிலிருந்து நாம் உதவி அனுப்பிய, இந்தோனேசியாவின் மெராந்தித் தீவு ஊர் சதுப்புத் தீயிலிருந்து தப்பித்துவிட்டது. நேற்றிரவு ஊர்த் தலைவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. தகரக் கூரைமேல் மழை கொட்டிய சத்தத்தில் அவர் பேசியதில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியே போதும். மாவு தரும் சேகோப் பனைத் தோப்பின் மேற்கு ஓரம் போய்விட்டது, மாவு ஆலை தப்பித்தது, பள்ளிக்கூடம் தப்பித்தது, ஆள்சேதம் இல்லை.

என்ன நடந்தது என்று மறுபடியும் எழுதப் போவதில்லை. படங்களை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன், இனிமேல் கொஞ்ச நாள் பார்க்க வேண்டாம் என்றிருக்கிறது. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பணம் அனுப்பியவர்கள், அனுப்பிவிட்டு "போதுமா?" என்று மறுபடி கேட்டவர்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுத்த ஈசூன் அக்காமார், நள்ளிரவிலும் சலிக்காமல் மலாய்க் குரல்பதிவுகளைக் கேட்டுச் சொன்ன எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்ப் பெரியம்மா), வரைபடத்தில் தீப்புள்ளிகளைக் குறித்துக்கொண்டே இருந்த பாலிடெக்னிக் பிள்ளைகள், பெட்டிகளைப் பார்த்து முகம் சுளிக்காத படகு ஊழியர்கள், பழைய ஹோஸ் சுருள்களைத் தூக்கிக் கொடுத்த துவாஸ் தொழிற்சாலைக்காரர்கள், எல்லாருக்கும் நன்றி. பெயர் பெயராகச் சொன்னால் யாராவது ஒருவர் விடுபட்டுப்போவார், அப்புறம் தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுதியே ஆகவேண்டும். அவரும் பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நம் தொண்டூழியர் குழுவில் இல்லாதவர். ஊர்க்காரர்கள் பம்ப்பு வைத்துத் தீயை அணைக்கும் நம் காணொளியை யாரோ பேத்திக்கு அனுப்ப, அதை அவள் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். மறுநாள் விடிவதற்குள் எனக்கு அழைப்பு.

"ஏம்மா, அந்தப் பம்ப்போட வாய் எத்தனை இஞ்சு?"

வணக்கம் இல்லை, நான் இன்னார் என்று சொல்லவில்லை. எத்தனை வீடு எரிந்தது, எவ்வளவு பணம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. அதுவரை என்னை அழைத்தவர்கள் எல்லாரும் கேட்டது அந்த இரண்டைத்தான். பம்ப்பு வாயைப் பற்றி அன்றுவரை யாரும் கேட்டதில்லை. "தெரியலையே அங்கிள்" என்றேன். "ஸ்கேல் வச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. வாய்க்கு நேரா நின்னு எடுக்கணும். சாய்ச்சு எடுத்தா அளவு பொய் சொல்லும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

படம் வந்தது. துவாஸில் கிடைத்த ஹோஸின் முனை சிங்கப்பூர் வகை. அங்கே இருப்பது ஜப்பானில் செய்த பம்ப்பு, அதன் வாய் வேறு வகை. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. ஹோஸ் சுருள்கள் அன்று சாயங்காலமே படகேற இருந்தன. அங்கிள் கேட்டிராவிட்டால் அவை அங்கே போய்ச் சேர்ந்து, நெருப்புக்கு இந்தப் பக்கம் சும்மா கிடந்திருக்கும்.

சுங்கை காடுட்டில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவரின் பட்டறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பித்தளையில் இணைப்புத் துண்டுகள் கடைந்து வாங்கினார். ரப்பர் தகட்டில் வாஷர்களைத் தானே வெட்டினார், தேவைக்கு மூன்று மடங்கு. "வாஷர் தொலையுறதுக்குன்னே பிறந்தது" என்பது அவர் விளக்கம்.

இதோடு முடிந்திருந்தாலே பெரிய உதவிதான். ஆனால் அந்தக் காணொளியில் இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். பம்ப்பு கொஞ்ச நேரம் ஓடுகிறது, இருமுகிறது, நின்றுபோகிறது. ஓரத்தில் ஒரு பையன் தண்ணீருக்குள்ளிருந்து உறிஞ்சு குழாயைத் தூக்கி, முனையிலிருந்து எதையோ பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே விடுகிறான். அதே காணொளியை நானும் எத்தனையோ முறை பார்த்தவள்தான். என் கண் நெருப்பை விட்டு நகரவே இல்லை.

கரிச்சதுப்பு நிலத்து வாய்க்கால் தண்ணீர் தே-ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதாக மக்காமல் தங்கிப்போன வேரும் இலையும் மரமும்தான் அந்த நிலமே. அதன் நார் குழாய் முனையின் வலையை நிமிடத்தில் மூடிவிடும். இந்த நிலத்தில் நெருப்பு மேலே மட்டும் எரிவதில்லை. அடியில் புகுந்து ஊர்ந்து, அணைந்துவிட்டது என்று நினைத்த இடத்திலிருந்து அடுத்த நாள் கிளம்பும். நின்று, நிதானமாக, நிலம் சேறாகும்வரை ஊற்ற வேண்டும். நின்று நின்று ஓடும் பம்ப்பால் அது ஆகாது.

அங்கிள் தேக்காவுக்குப் போய் எவர்சில்வர் வடிதட்டுகள் வாங்கினார், சோறு வடிக்கிற பெரிய அளவு. இரண்டை வாயோடு வாய் கவிழ்த்துக் கம்பியால் தைத்து, குழாய் முனை நடுவில் இருக்கும்படி கிளிப் போட்டு இறுக்கினார். மேலே காலி எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டினார், கூடை மிதக்க வேண்டும் என்று. அடியில் உட்கார்ந்தால் சேற்றை இழுக்கும், மேலே வந்தால் காற்றை இழுக்கும், நடுவில் தொங்கினால்தான் தண்ணீரை இழுக்கும். பரப்பு பெரிதாக இருப்பதால் ஒரு பக்கம் நார் அடைத்தாலும் மறுபக்கம் வேலை செய்யும். தன் புளோக்கின் கீழ்த்தளத்தில், பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் செடிப்பானை மண்ணையும் தேங்காய் நாரையும் கலக்கி அதில் விட்டுச் சோதித்தார். நகர மன்றத்துக்காரர் வந்து என்ன இது என்று கேட்க, அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்திருக்கிறார்.

ஒவ்வொரு துண்டையும் தமிழ் முரசு நாளிதழில் சுற்றி எண் போட்டு, எதை எதில் மாட்டுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்தார். பட்டறையில் பழகிய மலாய் அவருக்கு நன்றாக வரும், ரூமி எழுத்து (மலாய்க்கான ஆங்கில எழுத்து) வராது. அதனால் மலாயைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்! நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, மாக்சிக் சிரித்துக்கொண்டே கேட்டு ரூமியில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது அங்கே பம்ப்புக் கொட்டகையில் ஒட்டியிருக்கிறது.

"எதுக்கு அங்கிள் இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டேன். இயற்கை, பேரப்பிள்ளைகள், நல்ல காற்று என்று ஏதாவது வரும், இந்த மடலில் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசைதான். "பம்ப்பு நின்னு நின்னு ஓடுனா எனக்குப் பிடிக்காதும்மா" என்றார். அவ்வளவுதான். சாமானுக்கு ஆன காசையும் வாங்கவில்லை. பம்ப்பு ஓடுகிற காணொளி ஒன்று வேண்டும், சத்தத்தோடு, என்று மட்டும் கேட்டார். வந்ததும் கைப்பேசியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பேரிங் நல்லாயிருக்கு" என்றார்.

அந்தக் கூடையைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புகைமூட்டம் என்றால் நமக்கு 2013 ஜூன் 21 நினைவுக்கு வரும், சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட நாள். பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு 2015 செப்டம்பர் 25, பள்ளிகளை மூடிய நாள். அந்த ஆண்டு இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது என்று உலக வங்கி கணக்கிட்டது. 2002இல் ஆசியான் (தென்கிழக்காசிய) நாடுகள் கையெழுத்திட்ட புகைமூட்ட உடன்பாட்டை இந்தோனேசியா 2014இல்தான் ஏற்று உறுதிசெய்தது. எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கு எதிரான சிங்கப்பூர்ச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. இதெல்லாம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சதுப்பு ஈரமாக இருந்தால் தீப்பிடிக்காது, வாய்க்கால் வெட்டி வடித்தால் காய்ந்து பிடிக்கும். இந்தோனேசிய விதிப்படி சதுப்பில் நிலத்தடி நீர் தரைமட்டத்திலிருந்து 40 செண்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. அந்த 40ஐக் காப்பது ஊர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மரத்தாலும் மண்ணாலும் போடுகிற தடுப்புதான். சுமாத்ராவின் ரியாவ் மாநிலத்தில் சுங்கை தோஹோர் என்ற ஊருக்கு 2014 நவம்பரில் அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோ வந்து அப்படி ஒரு வாய்க்காலை அடைப்பதில் தானே கை கொடுத்தார். நாம் உதவிய ஊரும் அதே மெராந்தித் தீவுக்கூட்டத்தில்தான் இருக்கிறது.

தடுப்பைப் போட்டால் மட்டும் போதாது, அது அங்கேயே இருக்க வேண்டும். வெட்டிய சேகோ மரத் துண்டுகளை ஆலைக்கு மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் பாதையும் அந்த வாய்க்கால்தான். துண்டு தாண்டிப்போக வழி விடாமல் யாராவது அடைத்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் ஊரே பிடுங்கிப் போட்டுவிடும். போடத்தான் செய்யும், வயிறு இருக்கிறதே. சேகோ ஈரத்தை விரும்பும் மரம், ஏறக்குறைய பத்து ஆண்டில் வெட்டுக்கு வரும், தாய்மரத்தைச் சாய்த்தால் பக்கக் கன்று வளரும், எரித்து நிலம் திருத்தவும் வேண்டாம். சேகோ விற்றால் சதுப்பு ஈரமாக இருப்பதில் ஊருக்கே லாபம். விலை விழுந்தால், நிலத்தை வடித்து வேறு எதையாவது நடச்சொல்ல ஆள் வந்து நிற்கும். அந்தத் தீவுகளின் மாவு பெரும்பாலும் ஜாவாவிலுள்ள சிரெபோனுக்குப் போகிறது, விலை சொல்வதும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலேயே சேகோ ஆலைகள் இருந்தன. சுமாத்ராவின் கிழக்குக் கரைத் தீவுகளிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் வந்த பச்சை மாவை இங்கே முத்தாக்கி ஏற்றுமதி செய்தார்கள். இப்போது நம் வீட்டுப் பாயசத்தில் மிதப்பது பெரும்பாலும் மரவள்ளி மாவில் செய்தது. சேலத்துச் சரக்கை நான் குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு ஊரின் பிழைப்பு. மெராந்திச் சரக்குக்கும் நம் அடுக்களையில் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்கிறேன்.

அதனால் இரண்டு காரியம் செய்வதாக இருக்கிறேன், எல்லாரும் பார்க்க எழுதிவைத்தால் பின்வாங்க முடியாது. ஒன்று, தீபாவளிக்குச் சேகோ முத்தும் மீ சாகுவும் (சேகோ நூடல்ஸ்) ஊர்ப் பெண்கள் சொல்லும் விலைக்கு வரவழைக்கப் போகிறேன். பேரம் பேசுபவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். இரண்டு, மழைக்காலத்திலேயே எல்லாப் பம்ப்புகளையும் பிரித்துச் சரிபார்க்க ஆள் அனுப்புவது. அதற்கு முதலில் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கிள் சனிக்கிழமை காலைகளில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். இளைஞர்கள் என்று இல்லை, கை நடுங்காதவர்கள் யாரும் வரலாம்.

வரவு செலவுக் கணக்கு இந்த வாரத்துக்குள் குழுவுக்கு வரும், ரசீதுகளோடு. முகக்கவசம் இனி அனுப்ப வேண்டாம், அங்கே இரண்டு அலமாரி நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை வருகிறவர்களுக்கு அங்கிள் சொல்லியனுப்பியது: கிரீஸ் படும், நல்ல சட்டை போட்டு வராதீங்க. ஸ்கேல் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க.